தளத்து பாஸும் தறி அட்வான்ஸும்

1

எங்கள் தெரு வாசகசாலை ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பும்படி தம்பி மகன் கேட்டிருக்கிறான். சிங்கப்பூரில் இருக்கிறவர் எழுதினால் ஜனங்கள் விரும்பிப் படிப்பார்களாம். நான் ஐந்தாவது வரை படித்தவன். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று பதில் போட இருந்தேன். அதற்குள் வீட்டில் ஒன்று நடந்தது. அதை எழுதலாம் என்று தோன்றியது.

என் மகள் கோமதிக்கு இருபது வயது. டைப் அடிக்கப் படித்திருக்கிறாள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எடுத்திருக்கிறார்கள். சாதாரண இடம் இல்லை. உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாத இடம். அதனால் சேர்க்கும் முன் ஆளை விசாரிக்கிறார்கள். அதற்கு ஒரு ஃபாரம் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை அது.

"அப்பா, நமக்குக் கடன் ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

என் வீட்டுக்காரி வள்ளியம்மா அடுப்படியில் இருந்தாள். அங்கிருந்தே சிரித்தாள்.

"ஏம்மா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்கப்பாவைக் கேளு. அவருக்கு இந்தக் கேள்வின்னா ரொம்பப் பிடிக்கும்."

பிடிக்கும் என்று இல்லை. இதே கேள்வியை என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நான் சொன்ன பதிலால் கோமதியும் அவள் அம்மாவும் இங்கே வர முடியாமல் போக இருந்தது. கோமதிக்கு அது தெரியாது. சொன்னதில்லை.

2

இருபது வயதில் கப்பல் ஏறினேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரே தறி. ஒரு தறியில் இரண்டு குடும்பம் சாப்பிட முடியாது. தாய்மாமன் இங்கே வெள்ளைக்காரன் கப்பற்படைத் தளத்தில் கான்வாஸ் தைக்கும் கொட்டகையில் இருந்தார். அவர் கூப்பிட்டார். தறியைத் தம்பி சுப்பராயனிடம் விட்டுவிட்டு வந்தேன்.

கொட்டகையில் கூடாரம் தைப்போம். படகு மூடும் துணி தைப்போம். கிழிந்த கொடிகளை ஒட்டுப் போடுவோம். பட்டு பழகின விரலுக்குக் கான்வாஸ் முரடு. முதலில் விரல் வீங்கியது. பிறகு பழகிவிட்டது.

இடையில் ஒருமுறை ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். சில மாதம் இருந்தேன். திரும்பி வந்த பிறகு கோமதி பிறந்தாள். போட்டோ வந்தது. அடுத்த வருஷம் இன்னொரு போட்டோ. அப்படித்தான் என் மகள் வளர்ந்தாள்.

தனி ஆட்களுக்கு நீளக் கொட்டடி. கட்டிலுக்குக் கட்டில் கயிறு கட்டி வேட்டி காயப் போட்டிருப்போம். குடும்பத்தைக் கொண்டுவர வேண்டுமானால் வீடு வேண்டும். தளத்துக்குள் நல்ல வீடுகள் இருந்தன. கொட்டகை ஆளுக்குக் கிடையாது. கப்பல் மேல் ஏறி அளவெடுக்கிற ஆளுக்கு உண்டு. பீரங்கிக்கும் மற்றதுக்கும் உறை தைக்க ஒருவன் மேலே போய் அளவெடுக்க வேண்டும். பார்க்கக் கூடாததை எல்லாம் அவன் பார்ப்பான். அதனால் அவனுக்குச் சிவப்புக் கோடு போட்ட தனி பாஸ்.

கோமதிக்கு ஏழு வயதாகும்போது அந்த இடம் காலியானது. என்னை நிறுத்தலாம் என்று எங்கள் ஃபோர்மன் சொன்னார். சிவப்புக் கோட்டு பாஸ் கிடைத்தால் வீடு. வீடு கிடைத்தால் வள்ளியம்மாவும் பிள்ளையும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அது இந்தோனேசியாவோடு தகராறு நடந்த காலம். தளத்தில் யாரையும் லேசில் நம்பவில்லை. பாஸ் கொடுக்கும் முன் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள்.

3

கேட்டவர் வெள்ளைக்கார அதிகாரி. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. அவர் கேட்பதைத் தமிழில் சொல்லச் செல்லத்துரை என்ற கிளார்க் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக இருப்பார். யாரையும் ஐசே என்றுதான் கூப்பிடுவார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"ஐசே, கடன் இருக்கோ எண்டு கேப்பார். இல்லை எண்டு சொல்லும். பொலிஸ் பிடிச்சதோ எண்டு கேப்பார். அதுக்கும் இல்லை. விளங்குதோ?"

"பொய் சொல்லணுங்களா?"

"பொய் இல்லை ஐசே. குறைச்சுச் சொல்லுறது."

உள்ளே போனோம். பேர், ஊர், அப்பா பேர் கேட்டார். சிகரெட் நீட்டினார். வேண்டாம் என்றேன். பிறகு கடன் இருக்கிறதா என்றார்.

"இருக்குது" என்றேன்.

செல்லத்துரை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"ஐந்நூறு ரூபா."

உண்மையில் நானூறுதான். நூறு கூட்டிச் சொன்னேன்.

4

ஏன் கூட்டிச் சொன்னேன் என்று நம் தெருக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலர் வேறு ஊர்களுக்கும் போகும் என்பதால் சொல்கிறேன்.

பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நாங்கள் வீட்டில் நெய்து கொடுப்போம். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. இது தவிர ஆரம்பத்திலேயே ஒரு தொகை கொடுப்பார். அதுதான் அட்வான்ஸ். அதை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. அது நம் பேரில் இருக்கிற வரைக்கும் வேறு முதலாளிக்கு நெய்யக் கூடாது. நல்ல கைக்காரனுக்கு நிறைய வைப்பார்கள். சுமாரானவனுக்குக் கொஞ்சம். ஒன்றும் இல்லாதவன் என்றால், அவனை நம்பி ஒருத்தரும் ஒரு ரூபாய் வைக்கவில்லை என்று அர்த்தம்.

எனக்குப் பெண் பேசப் போனபோது என் மாமனார் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பையன் மேல எவ்ளோ அட்வான்ஸ் இருக்குது?"

"நானூறு" என்றார் எங்கள் பக்கத்துப் பெரியவர்.

"நானூறா? அப்ப நல்ல கைதான். காப்பி குடும்மா."

இத்தனைக்கும் நான் அப்போது கான்வாஸ் தைக்கிறவன். தறி தம்பியிடம் இருந்தது. அட்வான்ஸ் மட்டும் என் பேரிலேயே இருந்தது. முதலாளி அதை மாற்றவில்லை.

ஆகவே பெரிய அறை, மின்விசிறி, மேசைக்குப் பின்னால் அதிகாரி, கடன் இருக்கிறதா என்ற கேள்வி. எனக்குப் பெண் பார்க்கிற இடம்தான் ஞாபகம் வந்தது. நூறு கூட்டினேன்.

அடுத்து, போலீஸ் பிடித்திருக்கிறதா என்றார்.

"பிடிச்சிருக்குது. ஒருவாட்டி."

செல்லத்துரை பெருமூச்சு விட்டார்.

அதையும் நான் மறைக்கவில்லை. மறைக்கிற விஷயம் என்று தோன்றவில்லை. கூலி உயர்வு கேட்டு முதலாளி வீட்டு வாசலில் நாங்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்தோம். தெருவை அடைத்துவிட்டதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது எங்களுக்குத் தெருவில் ஆரத்தி எடுத்தார்கள்.

"யார் வந்து வெளியே எடுத்தார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க முதலாளி."

"யாருக்கு எதிராக உட்கார்ந்தாய்?"

"அவருக்குத்தான்."

செல்லத்துரை அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. என்னிடமே திரும்பினார். "ஐசே, அவரின்ட வாசலில மறியல் செய்தனீர். அவரே வந்து உம்மை மீட்டவரோ?"

"ஆமாங்க. பாவு தறியில நின்னுக்கினு இருந்துச்சு. முகூர்த்தப் புடவை, பாதிதான் ஆயிருந்துச்சு."

தணிகாசலம் முதலாளி ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் குடையோடு நின்றார். "டேய் ஏகாம்பரம், என்னைத் திட்னது போதும். வா. மிச்சத்தைத் தறியில உக்காந்துக்கினு திட்டு" என்றார். கூலி கொஞ்சம் ஏறியது. முந்நூறாக இருந்த அட்வான்ஸ் நானூறானது. அந்த நானூறு அப்படி வந்ததுதான்.

இதையெல்லாம் செல்லத்துரை சொல்லி முடிக்கிற வரை அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அந்த முதலாளி நாளைக்கு உன்னைக் கூப்பிட்டு ஒரு காரியம் செய்யச் சொன்னால் போவாயா என்றார். செல்லத்துரை அதைச் சொல்லும்போதே, இல்லை என்று சொல்லும்படி கண்ணைக் காட்டினார்.

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் அப்பா செத்த மூன்றாம் நாள் முதலாளி ஆள் அனுப்பினார். பெண் வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், புடவை முடியவில்லை என்று. போனேன். தறியில் உட்கார்ந்தேன்.

"கூப்பிட்டா போவாம எப்படிங்க?" என்றேன்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன். கத்தவில்லை. போலீஸ் விஷயம் பழையது, அது போகட்டும் என்றார். கடனைத் தீர்த்து முதலாளியிடம் சீட்டு வாங்கி வா, இடத்தை அதுவரை வைத்திருக்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் செல்லத்துரை நெற்றியைத் துடைத்தார். "உம்மைப் போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. கோயில்ல அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்லுற மாதிரியெல்லோ கடனைச் சொல்லுறீர்."

நான் கோபப்படவில்லை. அதிகாரி கேட்டதிலும் தப்பில்லை. கூப்பிட்டால் போகிறவனை நானாக இருந்தாலும் பீரங்கிப் பக்கம் விடமாட்டேன்.

5

கையில் சேர்த்து வைத்திருந்தது கப்பல் டிக்கெட்டுக்காக. அதிலிருந்து நானூறு ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினேன். முதலாளியிடம் கொடுத்து, ஏகாம்பரம் பேரில் பாக்கி இல்லை என்று ஒரு சீட்டு வாங்கி அனுப்பு என்று எழுதினேன்.

சுப்பராயன் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் முதலாளி வீட்டுக்குப் போனான். நடந்ததை வள்ளியம்மா எனக்கு அப்படியே சொல்லியிருக்கிறாள். அவளும் நூல் வாங்கப் போனவளாகக் கூடப் போயிருந்தாள்.

"இன்னாடா இது?" என்றாராம் முதலாளி.

"அண்ணன் அட்வான்ஸைத் தீத்துடச் சொல்லிச்சுங்க."

"எவன்டா அவன்?"

"யாருங்க முதலாளி?"

"அந்த ஐயம்பேட்டை முதலாளிதானே? எவ்ளோ தர்றேன்னான்?"

"அய்யோ, யாரும் தரலைங்க. அண்ணனுக்கு அங்க பாஸ் குடுக்கறாங்களாம். கடன் இருக்கக் கூடாதாம்."

"கடன் இல்லாதவனுக்கு எவன்டா எதைக் குடுப்பான்? யார்கிட்ட கதை விடற? சிங்கப்பூர்ல இருந்துக்கினு ஐயம்பேட்டைக்கு வலை வீசறானா உங்கண்ணன்?"

உள்ளே போனார். வந்தார். நானூறின் மேல் இன்னும் முந்நூறு வைத்து, மொத்தத்தையும் தம்பி மடியிலேயே திணித்தார்.

"ஏகாம்பரத்துக்கு எழுது. கொறச்சலா இருந்தா வாயைத் தொறந்து கேக்கணும். பணத்தை மூஞ்சியில விட்டெறியக் கூடாது. நான் இன்னும் சாவல."

நம் ஊரில் ஒருவன் அட்வான்ஸைத் தீர்க்க வந்தால் இரண்டே காரணம். வேறு முதலாளி கூட்டித் தருகிறேன் என்றிருப்பான். இல்லை, இந்த முதலாளியே கூட்டித் தரட்டும் என்று மிரட்டுகிறான். சும்மா தீர்க்கிறவன் கிடையாது. எனக்கு இது தெரியாததா? தெரியும். கான்வாஸ் தைத்துத் தைத்து மறந்துவிட்டேன்.

சுப்பராயனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்காலம். ஓடு மாற்ற வேண்டியிருந்தது.

6

செல்லத்துரையிடம்தான் முதலில் சொன்னேன்.

"இப்ப எவ்வளவு?"

"எழுநூறு."

"தீர்க்கப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனீரோ?"

"நான் கூட்டலைங்க. அவராக் குடுத்துட்டாரு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னை அதிகாரியிடம் கூட்டிப் போனார். அதிகாரி எத்தனை என்று இரண்டு தரம் கேட்டார். செல்லத்துரை கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். கடைசியில் அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தாலும் பாஸ் கொடுக்கவில்லை. இந்த முதலாளி உன்னை அவ்வளவு லேசில் விடமாட்டார் போலிருக்கிறது என்றார். கணக்கைத் தம்பி பேருக்காவது மாற்ற முடியுமா, கேட்டுப் பார் என்றார்.

கேட்டு எழுதினேன். முதலாளி சொன்ன பதில் வந்தது.

"சுப்பராயன் கை வேற. அதோட ஏகாம்பரம் பொண்டாட்டியும் புள்ளயும் இங்க இருக்குது. அவன் எங்க போனாலும் வந்துதான் ஆவணும். அதுக்குத்தான் அவன் பேரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அட்வான்ஸுக்கு ஈடு என் கை இல்லை. வள்ளியம்மாவும் கோமதியும்தான். அவர்களைக் கொண்டுவர பாஸ் வேண்டும். பாஸுக்குச் சீட்டு வேண்டும். அவர்கள் அங்கே இருக்கிற வரைக்கும் முதலாளி சீட்டுத் தரமாட்டார்.

அந்த இடத்தை ஒரு மலையாளிக்குக் கொடுத்தார்கள். நல்லவர். அவருக்குக் கடன் இல்லை.

7

பாஸ் இல்லாமல் கொண்டுவருவது என்று தீர்மானித்தேன். தளத்து வாசலுக்கு வெளியே ஒரு கம்பத்தில் தகரக் கூரை வீடு பிடித்தேன். கிராமத்தை இங்கே கம்பம் என்பார்கள். வீட்டுக்காரர் சீனர். வாத்து வளர்த்தார். ஒரு பக்கம் அவர் வாத்து, மறு பக்கம் நான். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. வாடகை என் சம்பளத்தில் பாதி. புறப்பட்டு வா என்று வள்ளியம்மாவுக்கு எழுதினேன்.

தம்பி பயந்துவிட்டான். அண்ணியும் பிள்ளையும் போய்விட்டால் முதலாளி தறியை எடுத்துக்கொள்வார் என்றான். அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. தறி போனால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. நான் பதில் எழுதவில்லை. வள்ளியம்மா வராமலே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கோமதிக்குத் தலை வாரி, கையைப் பிடித்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கே போனாள்.

"நானும் பொண்ணும் அவர்கிட்ட போறோம் முதலாளி."

முதலாளி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "அப்ப அவன் இனிமே வரமாட்டான்."

"ஏன் வராம?"

"எல்லாத்தையும் இஸ்துக்கினு போயிட்டா எதுக்கும்மா வருவான்? ஏகாம்பரநாதரைப் பாக்கவா?"

"கணக்கு இங்கதானே இருக்குது. எழுநூறு ரூபா. அது நிக்கிற வரைக்கும் அவரு உங்க ஆளு. தீத்தாதான் போனவரு."

"அவன்தான் தீக்கறேன்னு பணம் அனுப்பனானே."

"இனிமே அனுப்ப மாட்டாரு."

"அவன் சொன்னானா?"

"நான் சொல்றேன்."

முதலாளி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தாராம். பிறகு உள்பக்கம் திரும்பி, வீட்டம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதாவது தின்னக் கொடு என்றாராம்.

"சரி, போய்க்கினு வா. தறி சுப்பராயன்கிட்டயே இருக்கட்டும். ஆனா நீ சொன்னது ஞாபகம் இருக்கட்டும்மா."

இதுதான் வள்ளியம்மா கொடுத்த வாக்கு. என்னைக் கேட்காமல் கொடுத்தது. என்னைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

துறைமுகத்தில் கோமதி அம்மா பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "இவருதானா?" என்றாள்.

"இவருதான். போ" என்றாள் வள்ளியம்மா.

வந்தாள். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

மறு வருஷம் இன்னொரு அளவெடுக்கிற ஆள் வேண்டியிருந்தது. அதே அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். கடன் தீர்ந்ததா என்றார். இல்லை என்றேன். இப்போது கையில் பணம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். அப்புறம் ஏன் தீர்க்கவில்லை என்றார்.

"வீட்ல வாக்கு குடுத்துட்டாங்க."

செல்லத்துரை இந்தத் தடவை கண்ணைக் காட்டவில்லை. நான் சொன்னதை அப்படியே சொன்னார். அதிகாரி ஃபைலை மூடினார். எழுந்து கை கொடுத்தார். நான் கொட்டகைக்குத் திரும்பினேன்.

"தளத்து வீட்டில பைப்புத் தண்ணி இருக்கு ஐசே" என்றார் செல்லத்துரை, நடந்து வரும்போது. "உம்முடைய வீட்டில என்ன இருக்கு?"

"வாத்து" என்றேன்.

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்து முட்டை வாங்க எங்கள் வீட்டுக்கு வருவார். வள்ளியம்மா கையால் குழம்பு சாப்பிட்டுவிட்டு, காஞ்சிபுரத்துக்காரர்கள் சங்கு ஊதி ஊருக்கெல்லாம் கடனைச் சொல்கிறார்கள் என்று கேலி செய்வார்.

8

வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகிறது. அந்த இடம் இப்போது கப்பல் பழுது பார்க்கிற கம்பெனி. எனக்கு அதே கொட்டகை, அதே ஊசி. பாஸில் கோடு எதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பாஸ். பீரங்கிகள் போய்விட்டன. சரக்குக் கப்பலுக்குத் துணி தைக்கிறேன்.

கம்பத்தை எடுத்துவிட்டார்கள். அரசாங்கம் அடுக்கு மாடியில் வீடு கொடுத்திருக்கிறது. பத்தாவது மாடி. முதல் மாதம் வள்ளியம்மா ஜன்னல் பக்கம் போகமாட்டாள். இப்போது ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி நீட்டித் துணி காயப் போடுகிறாள். விடியற்காலையில் எழுந்து கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு, சைக்கிளில் வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் சோறு இருக்கும். குறை ஒன்றும் இல்லை.

கோமதி சீனப் பிள்ளைகளோடு சீனம் பேசுகிறாள். கடைக்காரரோடு மலாய் பேசுகிறாள். சித்தப்பாவுக்குத் தமிழில் எழுது என்றால் எழுத்துக்கூட்டி நாலு வரி எழுதுகிறாள். நாலாவது வரி எப்போதும், இங்கே எல்லோரும் நலம்.

அவள் ஃபாரத்துக்கு வருகிறேன்.

"கடன்னா எதும்மா? இந்த வீட்டுக்கு மாசாமாசம் கட்றோமே, அதையும் எழுதணுமா?" என்றேன்.

"அது கடன் இல்லப்பா. வீட்டு லோன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"இருபது."

"முன்னாடியே தீத்துட்டா?"

"எதுக்கு? சம்பளத்துல பிடிச்சுக்கிறாங்க. எல்லாருக்கும் இருக்கு. அது இருந்தாத்தான்பா ஒழுங்கா வேலைக்குப் போற குடும்பம்னு அர்த்தம். இங்கயேதான் இருப்பாங்கன்னு தெரியும்ல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "தணிகாசலம் முதலாளி பேசற மாதிரியே பேசுதே இது" என்றாள் வள்ளியம்மா.

அப்போதுதான் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாத்து வீட்டுக்கு நாம் ஏன் போனோம் என்பதையும். அவள் நடுநடுவே சிரித்தாள். துறைமுகத்தில் பொத்தானைப் பிடித்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. முதலாளி வீட்டில் தின்னக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. முறுக்கு என்றாள்.

அதே வாரம் தம்பியிடமிருந்து காகிதம் வந்திருந்தது. தணிகாசலம் முதலாளி காலமாகிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவர் மகன் இப்போது தொழிலைப் பார்க்கிறார். படித்தவர். பழைய கணக்கை எல்லாம் ஒழுங்கு செய்கிறார். செத்தவர்கள் பேரிலும் ஊரை விட்டுப் போனவர்கள் பேரிலும் நிற்கிற அட்வான்ஸைத் தள்ளிவிடப் போகிறார். ஒரு பைசா தர வேண்டாம். தறியை இனி சுப்பராயன் மகன் பேரில் எழுதிக்கொள்வார். "அண்ணனுக்கு நல்லதுதானே, சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்" என்று தம்பி எழுதியிருந்தான்.

தம்பி சொல்வது சரிதான். தறிக்கு இனி ஆபத்து இல்லை. எழுநூறு ரூபாய் இன்றைக்கு எனக்குப் பெரிய பணமும் இல்லை. அந்தக் காகிதத்தையும் கோமதிக்கு அன்றைக்கே படித்துக் காட்டினேன்.

வள்ளியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப, நாம போனவங்களா?"

நான் காகிதத்தை மடித்து வைத்தேன்.

"அப்பா, ஃப்ரீயா விடறாங்கப்பா" என்றாள் கோமதி. "நல்லதுதானே? அப்ப நான் கடன் இல்லைன்னே போட்டுடறேன்."

"கேள்வி உன்னைக் கேட்குதா, என்னைக் கேட்குதா?"

அவள் ஃபாரத்தை இன்னொரு தரம் படித்தாள். "என்னைத்தான்."

"அப்பப் போடு. உனக்கு இல்லை."

போட்டாள். பேனாவை மூடவில்லை. "உங்களுக்கு?"

"எனக்கு இருக்குது."

கோமதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். போகும்போது என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

சுப்பராயனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். தறியை அவன் மகன் பேருக்கு மாற்றட்டும், எனக்குச் சந்தோஷம். புது அட்வான்ஸ் அவன் பேரில் வரட்டும். அவன் கை நல்ல கை என்று கேள்விப்பட்டேன்.

முதலாளி மகனுக்கு ஒரு வார்த்தை. வாசகசாலை மலர் உங்கள் வீட்டுக்கும் வரும். உங்கள் அப்பா காலமானதற்கு வருந்துகிறேன். ஒருமுறை எனக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் குடையோடு நின்றவர். என் பேரில் இருக்கிற எழுநூறைத் தள்ள வேண்டாம். புதுக் கணக்கிலும் அதை அப்படியே ஏற்றி வையுங்கள்.

நான் போனவன் இல்லை. இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.